முதல் சம்பளமும் முதல் வண்டியும்: திருவனந்தபுரத்து இளையோரின் அன்றாடப் பயணம்

படிப்பை முடித்து வேலையில் சேரும் இளையவர் ஒருவர் தம் சொந்த வருவாயில் வாங்கும் முதல் பெரிய பொருள், பெரும்பாலும் ஓர் இருசக்கர வண்டியாக இருக்கிறது. வங்கியிடம் அவர் பெறும் முதல் கடனும் பல நேரங்களில் அதற்கானதே. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு அவர் மாதந்தோறும் எவ்வளவு சேமிப்பார், எங்கே குடியிருப்பார், எந்த நேரத்தில் வீடு திரும்புவார் என்பவற்றை இந்த ஒரு முடிவு பெரிதும் தீர்மானிக்கிறது. ஆயினும் வீடு வாங்குவதற்குச் செலவிடும் சிந்தனையில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குச் செலவிடப்படுவதில்லை. வண்டியின் நிறத்தையும் மைலேஜையும் ஒப்பிடுகிறோம். வண்டி வேண்டுமா என்ற வினாவை எழுப்புவதில்லை.

பேருந்து, இரயில், ஆட்டோ, செயலி வழி வாடகை வண்டி, சொந்த ஸ்கூட்டர் என அத்தனை வழிகளும் இருக்கும் நகரம் திருவனந்தபுரம். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் வந்து திரும்பும் தமிழ் இளைஞர்கள் இங்கே மிகுதி. சாலை கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. எனவே, இளையோர் தம் அன்றாடப் பயண வழியை எவ்வாறு தேர்கின்றனர், அத்தேர்வின் உண்மையான விலை என்ன என்பதை இந்நகரை முன்வைத்து ஆராய்வோம்.

பழக்கம் உருவாகும் காலம்

நாம் நாள்தோறும் காலையில் எழுந்து, இன்று பேருந்தா வண்டியா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நேற்றுச் சென்ற வழியிலேயே இன்றும் செல்கிறோம். பயணம் முழுக்கப் பழக்கத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அப்பழக்கம் உடையும் தருணங்கள் வாழ்வில் சிலவே: கல்லூரியில் சேர்வது, முதல் வேலை, குடியிருப்பு மாறுவது, திருமணம், குழந்தைப் பேறு. இவற்றுள் முதல் மூன்றும் ஏறத்தாழப் பதினெட்டு முதல் முப்பது வயதுக்குள் நிகழ்ந்துவிடுகின்றன. அதனால்தான் போக்குவரத்துத் திட்டமிடுவோர் உலகெங்கும் இளையோரைக் கூர்ந்து கவனிக்கின்றனர். அந்த வயதில் பேருந்தை விட்டவர் மீண்டும் பேருந்துக்குத் திரும்புவது அரிது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பணிக்குச் செல்வோர் எவ்வாறு செல்கின்றனர் என்ற விவரமும் திரட்டப்பட்டது. வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் நீங்கலான பிற பணிகளில் இருந்த சுமார் 20 கோடிப் பேரில், ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் பணிக்காகப் பயணம் செய்யவே தேவையற்றவர்கள். சுமார் 23 விழுக்காட்டினர் நடந்து சென்றனர். மிதிவண்டியில் சென்றோரும் மோட்டார் இருசக்கர வண்டியில் சென்றோரும் தனித்தனியே 13 விழுக்காட்டை ஒட்டி இருந்தனர். பேருந்தில் சென்றோர் சுமார் 11 விழுக்காட்டினர். நாட்டின் சாலைகளில் மோட்டார் வண்டியின் ஓசையே மிகுதியாகக் கேட்டாலும், அன்று நடந்தோரின் எண்ணிக்கை அதைவிடப் பெரிது என்பதை இப்புள்ளிவிவரம் காட்டியது.

மேலைநாடுகளில் வேறொரு போக்கு தென்பட்டது. அமெரிக்காவில் 1983இல் பத்தொன்பது வயதினரில் சுமார் 87 விழுக்காட்டினர் ஓட்டுநர் உரிமம் பெற்றிருந்தனர். 2010இல் அது 70 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது. நீண்ட காலப் படிப்பு, தாமதமாகும் திருமணம், கார் வைத்திருப்பதன் செலவு, நகர மையத்தில் வாழும் விருப்பம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் நாட்டு இளையோரின் நிலை வேறு. கேரளத்தில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைக் கடந்துவிட்டது. 2011இல் அம்மாநிலத்தின் மக்கள்தொகை 3.34 கோடி. மோட்டார் வண்டியில் செல்வது இங்கே இன்னும் வளர்ந்துவரும் பழக்கமாகவே உள்ளது.

நகரின் அமைப்பும் பேருந்தின் வரலாறும்

திருவனந்தபுரம் குன்றுகளின் மேல் அமைந்த ஊர். ஏற்ற இறக்கங்கள் மிகுதி. இடவப்பாதியில் தென்மேற்குப் பருவமழையும், துலாம் மாதத்தில் வடகிழக்குப் பருவமழையும் என ஆண்டில் இரு முறை மழைக்காலம் வருகிறது. மிதிவண்டி இங்கே பணிக்குச் செல்லும் வாகனமாக வேரூன்றாததற்கு இவ்விரண்டும் போதிய காரணங்கள்.

பேருந்துக்கு இங்கே பெருமைமிக்க வரலாறு உண்டு. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அரசுப் பேருந்துப் பணியைத் தொடங்கிவைத்தார். இலண்டன் நகரப் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்பவர் அதற்குத் தலைமையேற்றார். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கன்னியாகுமரி நோக்கிச் செல்லும் சாலையே அரசுப் பேருந்தின் தொடக்க வழித்தடம். அப்பணியே 1965இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமாக உருப்பெற்றது. யானைச் சின்னம் பொறித்த அப்பேருந்தை மலையாளிகள் இன்றும் ‘ஆனவண்டி’ என்றே அன்புடன் அழைக்கின்றனர்.

வழித்தடங்களின் வடிவம் பழைய நகரை ஒட்டியது. கிழக்கே கோட்டையும் தம்பானூரும் நடுவில் இருக்க, பேருந்துகள் அங்கிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல் வெளிப்புறம் நோக்கி ஓடின. அலுவலகங்களும் கடைகளும் நடுவில் இருந்த காலத்துக்கு அவ்வடிவம் பொருந்தியது. 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் நிறுவப்பட்டபின் நிலைமை மாறியது. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான அதில் இன்று 70,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றுகின்றனர். நகர மையத்திலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் வேலை. பேயாடு, நேமம், வட்டியூர்க்காவு போன்ற வேறு திசைகளில் வீடு. இவர்களுள் பலர் முதலில் நகருக்குள் வந்து, பேருந்து மாறி, மீண்டும் வெளியே செல்ல வேண்டியவர்கள்.

இக்குறையை உணர்ந்தே 2021 நவம்பரில் ‘சிட்டி சர்க்குலர்’ என்னும் வட்டப் பேருந்துகள் தொடங்கப்பட்டன. ஒவ்வொரு வட்டமும் ஒரு வண்ணத்தால் அறியப்படும். நடுவிலிருந்து வெளியே ஓடுவதற்கு மாறாக, அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்விக்கூடங்கள் ஆகியவற்றைச் சுற்றி இவை ஓடுகின்றன. 2022 ஆகஸ்டு முதல் இவ்வழிகளில் மின்பேருந்துகளும் இணைந்தன. வழித்தட எண்ணை மனப்பாடம் செய்யாமல் நிறத்தைப் பார்த்து ஏறலாம் என்பது புதிதாக ஊருக்கு வரும் மாணவருக்குப் பேருதவி.

முடிவைத் தீர்மானிக்கும் மணி

பயண வழியைத் தேர்வதில் கட்டணமே முதன்மையானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் கட்டணத்தைப் பொறுத்தவரை பேருந்து எளிதாக வென்றுவிடும். 2022 மே மாதம் முதல் கேரளத்தில் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். ஆட்டோவுக்கு முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய். மாணவர் சலுகைக் கட்டணம் ஒரு ரூபாயிலிருந்தே தொடங்குகிறது. கல்லூரி நாள்களில் பேருந்திலேயே சென்றவர், வேலை கிடைத்ததும் ஏன் வண்டி வாங்குகிறார்?

விடை, காலைப் பயணத்தில் இல்லை. மாலைப் பயணத்தில் இருக்கிறது. காலையில் கழக்கூட்டம் செல்லப் பேருந்துகள் அடுத்தடுத்து வரும். நெரிசல் இருக்கும், ஆயினும் போய்ச் சேரலாம் என்ற உறுதி உண்டு. மாலை ஆறு மணிக்குப் பணி முடிந்தாலும் அவ்வுறுதி தொடரும். பணி ஒன்பது மணி வரை நீண்டால்தான் சிக்கல். கழக்கூட்டத்திலிருந்து நகருக்கு வண்டி கிடைத்துவிடும். அங்கிருந்து வீட்டுப் பக்கம் செல்லும் கடைசிப் பேருந்து போயிருக்கும். அது கிடைத்தாலும், பிரதான சாலையில் இறங்கி, விளக்கில்லாத சந்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். மாதத்தில் நான்கு இரவுகளே இப்படி நேர்ந்தாலும் போதும். எஞ்சிய பதினெட்டு நாள்களின் பயணமும் அந்த நான்கு இரவுகளை வைத்தே முடிவாகிவிடுகிறது.

இளம்பெண்களுக்கு இது இன்னும் கூர்மையானது. கியர் இல்லாத ஸ்கூட்டர்கள் பரவிய பின் பெண்கள் அவற்றைப் பேரளவில் ஓட்டத் தொடங்கியதன் பின்னணியில், எவரையும் எதிர்பாராமல் வீடு திரும்பலாம் என்ற விடுதலை இருக்கிறது. மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரும் பெற்றோரும் பெரும்பாலும் அவ்வுறுதியையே விலைகொடுத்து வாங்குகின்றனர்.

இந்த இடைவெளியை நிரப்பும் ஏற்பாடுகள் சிலவும் உள்ளன. இரவு நேரத்தில் பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை அவர்கள் கேட்கும் இடத்தில் இறக்கிவிட வேண்டும் என்ற நெறியைக் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் வகுத்துள்ளது. 2022 ஆகஸ்டு 17 அன்று கேரளத் தொழிலாளர் துறை ‘கேரள சவாரி’ என்னும் செயலி வழி ஆட்டோ, டாக்சி சேவையைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. ஒரு மாநில அரசே இத்தகைய சேவையைத் தொடங்கியது நாட்டில் அதுவே முதல் முறை. பல நிறுவனங்கள் இரவுப் பணியாளரை வீட்டில் சேர்க்கத் தாமே வண்டி அனுப்புகின்றன. வேலையில் சேரும்போது சம்பளத்தைக் கேட்கும் நாம், இரவு வண்டி உண்டா என்பதையும் கேட்டறிவது நன்று. அது மாதம் இரண்டாயிரம் ரூபாய் ஊதிய உயர்வுக்கு ஈடாகலாம்.

தெற்கிலிருந்து வருவோர்

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. மாநில எல்லை மாறியது. மக்களின் போக்குவரத்து மாறவில்லை. படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வேலைக்கும் திருவனந்தபுரமே அவர்களின் பெருநகரம். 1979இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி இரயில் பாதை திறக்கப்பட்டபின் நாள்தோறும் வந்து திரும்புவது எளிதாயிற்று. நாகர்கோவிலில் ஏறுவோர் இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை கடந்து சுமார் 70 கிலோமீட்டர் பயணம் செய்து தம்பானூரில் இறங்குகின்றனர். பேட்டை, கழக்கூட்டம் ஆகிய நிலையங்கள் நகரின் வடபகுதிக்குச் செல்வோருக்கு உதவுகின்றன.

இவர்களுக்கு மாதச் சீசன் சீட்டு பெருங்கொடை. 150 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு இது வழங்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும் தனிச் சீட்டு வாங்குவதைவிட இதன் கட்டணம் மிகக் குறைவு. மூன்று மாதச் சீட்டுக்கு மாதக் கட்டணத்தைப்போல் 2.7 மடங்கே பெறப்படுகிறது; மாணவருக்குச் சலுகையும் உண்டு. இதன் குறை, இரயிலின் நேரத்துக்குள் நம் நாள் அடங்க வேண்டும் என்பதே. மாலை இரயில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்கும் நேரமே நாளின் களைப்பை இரட்டிப்பாக்கும்.

இங்கிருந்து எழும் வினா: நாள்தோறும் வந்து திரும்புவதா, நகரில் அறை எடுத்துத் தங்குவதா? வாடகையும் பயணமும் உண்மையில் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். கழக்கூட்டத்தில் அலுவலகத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் உள்ள அறைக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் கூடுதல் வாடகை என்றால், பலர் தயங்குகின்றனர். அதே நபர் தொலைவில் குறைந்த வாடகைக்குக் குடியேறி, நான்காயிரம் ரூபாய் மாதத் தவணையும் பெட்ரோலுமாகச் செலவிடுவதைச் செலவாகவே கருதுவதில்லை.

சொந்த ஊரில் பதிவு செய்த வண்டியைக் கொண்டுவருவோரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். நாகர்கோவில் எண்ணான டிஎன் 74 அல்லது மார்த்தாண்டம் எண்ணான டிஎன் 75 உடன் வரும் வண்டி திருவனந்தபுரத்திலேயே தங்கிவிடுமானால் இது பொருந்தும். வார இறுதியில் ஊர் சென்று வருவோர், வண்டியை ஊரிலேயே விட்டுவிட்டு இரயிலில் வருவது பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

ஒரு மணி நேரத்தின் விலை

இனிக் கணக்குக்கு வருவோம். கீழுள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நாம் கொண்டவை. வாசகர் தம் சொந்த எண்களை இட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 16 கிலோமீட்டர்; மாதம் 22 பணிநாள்கள். ஸ்கூட்டரின் விலை, பதிவும் காப்பீடும் உட்பட, ஒரு இலட்சம் ரூபாய். கையிலிருந்து 20,000 ரூபாய், கடன் 80,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 12 விழுக்காடு, 36 தவணைகள். மாதத் தவணை சுமார் 2,657 ரூபாய் ஆகும். மொத்த வட்டி ஏறத்தாழ 15,650 ரூபாய். மாதம் 704 கிலோமீட்டர் ஓட்டம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் விலை 107 ரூபாய் எனக் கொண்டால் எரிபொருள் சுமார் 1,675 ரூபாய். பழுதுபார்ப்பு, டயர், எண்ணெய், காப்பீட்டுப் புதுப்பிப்பு ஆகியவற்றுக்கு 500 ரூபாய். ஆக மாதம் சுமார் 4,830 ரூபாய்.

பேருந்தில் செல்வோருக்கு ஒரு வழிக்கு 25 ரூபாய் வீதம் மாதம் 1,100 ரூபாய். இத்துடன் ஒப்பிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. தாமதமான இரவுகளையும் சேர்க்க வேண்டும். பத்து நாள்கள் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ எனக் கொண்டால், அரசுக் கட்டணப்படி சுமார் 530 ரூபாய். நான்கு இரவுகள் வீடு வரை வாடகை வண்டி, தலா 350 ரூபாய் எனக் கொண்டால் 1,400 ரூபாய். மொத்தம் 3,030 ரூபாய். இத்தனைக்குப் பின்னும் ஸ்கூட்டரைவிட மாதம் 1,800 ரூபாய் குறைவு.

மூன்று ஆண்டுகளில் இந்த வேறுபாடு 64,800 ரூபாய். தொடக்கத்தில் கட்டிய 20,000 ரூபாயையும் சேர்த்தால் 84,800 ரூபாய். மூன்றாம் ஆண்டு முடிவில் வண்டியை 40,000 ரூபாய்க்கு விற்க முடியும் எனக் கொண்டால், நிகரச் செலவு 44,800 ரூபாய். இதற்கு ஈடாகக் கிடைத்தது என்ன? ஒரு வழிக்கு அரை மணி நேரம் மிச்சமானால், மாதம் 22 மணி நேரம். மூன்று ஆண்டுகளில் 792 மணி நேரம். அதாவது, ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 57 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறோம். இது அதிக விலை என்று சொல்ல இயலாது. மாலையில் மேற்படிப்பு படிப்பவருக்கும், வீட்டில் முதியோரைக் கவனிப்பவருக்கும் இது நல்ல வாணிகம்.

இப்போது அதே ஸ்கூட்டரை, நான்கு கிலோமீட்டர் தொலைவில் வேலை செய்பவர் வாங்குகிறார் என்று கொள்வோம். தவணை அதேதான். பெட்ரோல் சுமார் 420 ரூபாய், பராமரிப்பு 400 ரூபாய் எனச் சேர்த்து மாதம் ஏறத்தாழ 3,475 ரூபாய். பேருந்துக்கு ஒரு வழிக்கு 12 ரூபாய், பத்து இரவுகள் வீடு வரை ஆட்டோ என வைத்தாலும் 1,200 ரூபாயே ஆகும். அதே முறையில் கணக்கிட்டால் மூன்று ஆண்டுகளின் நிகரச் செலவு சுமார் 62,000 ரூபாய். ஒரு வழிக்குப் பத்து நிமிடமே மிச்சமாவதால், கிடைப்பது 264 மணி நேரம். ஒரு மணி நேரத்தின் விலை 230 ரூபாயைத் தாண்டுகிறது. வேலை அருகில் இருப்பவருக்கே வண்டி விலையுயர்ந்த பொருள் என்பது பலர் எதிர்பாராத முடிவு.

மற்றொன்றும் இக்கணக்கில் புலப்படும். தவணை முடிந்தபின் முதலாமவரின் வண்டிச் செலவு மாதம் 2,175 ரூபாயாகக் குறைகிறது. அப்போது அது பேருந்தையும் ஆட்டோவையும் கலந்து செல்வதைவிட மலிவு. ஆகவே அதே ஊரில் ஏழெட்டு ஆண்டுகள் இருக்கப்போகிறவருக்கு வண்டி பயன் தரும். இரண்டு ஆண்டில் பெங்களூருக்கோ சென்னைக்கோ மாறும் எண்ணம் உள்ளவர், மிகுந்த செலவுள்ள காலத்தைத் தாம் ஏற்று, மலிவான காலத்தை அடுத்தவருக்கு விற்றுச் செல்கிறார்.

மின் ஸ்கூட்டர் தரும் மாற்றம்

மின் ஸ்கூட்டர் இக்கணக்கின் ஒரு பகுதியை மாற்றுகிறது. நூறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம் எனக் கொண்டால், 704 கிலோமீட்டருக்கு 21 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றாலும் 170 ரூபாய்க்குள் அடங்கும். பெட்ரோலோடு ஒப்பிட மாதம் 1,500 ரூபாய் மிச்சம். மின்வாகனங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி ஐந்து விழுக்காடு மட்டுமே.

எனினும், தேர்வைத் தீர்மானிப்பது இங்கும் வேறொன்று: இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது, மின்னேற்றும் புள்ளி யாருடையது? பெற்றோர் வீட்டில் வாழ்பவருக்கு இது சிக்கலன்று. விடுதியிலோ மேல்மாடி வாடகை அறையிலோ இருப்பவர், வீட்டு உரிமையாளரின் இசைவைப் பெற்ற பின்னரே வண்டிக்கு முன்பணம் கட்ட வேண்டும். மின்கலத்தின் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவர் என்பவற்றை எழுத்தில் பெறுவதும் இன்றியமையாதது. வண்டியின் மறுவிற்பனை விலை பெரும்பாலும் மின்கலத்தின் நிலையைப் பொறுத்தே அமையும்.

பேசாமல் விடப்படும் செலவு

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அதாவது நூற்றுக்கு 44 பேருக்கும் மேல். பயண வழியைத் தேர்கையில் இந்த எண்ணை எந்தத் தவணைக் கணக்கும் காட்டாது.

தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் கட்டாயம். கேரளத்தில் 2023 ஜூன் முதல் சாலையோரக் கேமராக்கள் இதைக் கண்காணித்து அபராதம் விதிக்கின்றன. அபராதத்துக்கு அஞ்சியேனும் அணிவது, அணியாமல் இருப்பதைவிட நன்று.

காப்பீட்டில் பலரும் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது நம்மால் பிறருக்கு நேரும் இழப்புக்கானது. நம் வண்டியின் சேதத்துக்கோ திருட்டுக்கோ தனிக் காப்பீடு தேவை. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 இலட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டி எவர் பெயரில் பதிவாகியுள்ளதோ அவருக்கே உரியது. தந்தை பெயரில் வாங்கிய வண்டியை மகனோ மகளோ நாள்தோறும் ஓட்டும் வீடுகள் எண்ணற்றவை. அத்தகைய வீடுகளில் ஓட்டுபவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அவருக்கெனத் தனியாக விபத்துக் காப்பீடு எடுப்பது ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதலே இயலும்.

கடன் கேட்பதற்கு முன்

வண்டியே வேண்டும் என்று முடிவு செய்தவருக்குக் கடன் தர நாம் இருக்கிறோம். அதற்கு முன் அவர் செய்ய வேண்டியவை சில.

முதலாவது, வேலையில் சேர்ந்த முதல் இரண்டு மாதங்கள் வண்டி வாங்காமல் இருந்து பார்ப்பது. எத்தனை இரவுகள் தாமதமாயின, ஆட்டோவுக்கு உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பது அப்போது கைக்கணக்காகத் தெரியும். அம்மாதங்களில் இரண்டாயிரம் ரூபாயை இரவுப் பயணத்துக்கென ஒதுக்கிவைத்தால், தாமதமான இரவுகளின் அச்சம் பெருமளவு குறையும். ஒதுக்கிய பணம் இருக்கும்போது ஆட்டோவை அழைக்கக் கை தயங்காது.

இரண்டாவது, கடனின் முழு விலையை அறிவது. 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன் அனைத்துக்கும் முக்கிய விவர அறிக்கையை வங்கியும் நிதி நிறுவனமும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்கும். விற்பனை நிலையத்தில் ‘நாளொன்றுக்கு 90 ரூபாய்’ என்று சொல்லப்படும்போது, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே காணலாம்.

மூன்றாவது, தவணையின் ஒழுங்கு. பலருக்கு இதுவே முதல் கடன் என்பதால், கடன் வரலாறும் இங்கேயே தொடங்குகிறது. 300 முதல் 900 வரை அளக்கப்படும் கடன் மதிப்பெண், ஒரு ஸ்கூட்டரின் தவணை தவறியதாலும் குறையும். பத்தாண்டுகளுக்குப் பின் வீட்டுக் கடன் கேட்டு வரும்போது இந்த முதல் மூன்று ஆண்டுகளின் ஒழுங்கே பேசும்.

கடைசியாக, வண்டி வாங்கியவரும் பேருந்தை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. மழைநாளிலும் களைப்பான நாளிலும் பேருந்து. இரவுப் பணியுள்ள நாளில் வண்டி. ஊருக்குச் செல்ல இரயில். வண்டியை ஒரு வழியாக வைத்துக்கொண்டு மற்ற வழிகளையும் நினைவில் வைத்திருப்பவருக்கு, பெட்ரோல் விலை உயரும்போதும் வண்டி பழுதாகும்போதும் அன்றாட வாழ்வு நின்றுபோவதில்லை.